கழித்துப் போட்ட ஐந்து வெங்காயம்

போன மாதம் ஓய்வு கொடுத்து எனக்குச் சால்வை போர்த்தினார்களே, அன்றைக்கு நம் முதலாளி மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார்: "இத்தனை வருஷ சர்வீஸ்ல இவர் கையால ஒரு தப்பு நடந்ததில்லை." எல்லாரும் கை தட்டினீர்கள். புதிதாகச் சேர்ந்த நான்கு பிள்ளைகளும் கொஞ்சம் பலமாகவே தட்டினீர்கள். பேச்சு முடிந்தால்தான் சமோசா வரும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். நான் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மறுத்துப் பேசவில்லை. பரிசாகக் கொடுத்த சுவர்க்கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு எப்படி மறுப்பது?

வீட்டுக்கு வந்து அதை மாட்ட ஆணி அடிக்கும்போதுதான் உறுத்தியது. அதனால் இதை எழுதுகிறேன். உங்கள் நான்கு பேரில் ஒருத்தி என் மகள். அவளிடம் வாயால் சொல்லிப் பார்த்தேன். "வெங்காயக் கதையாப்பா? அப்புறம் சொல்லு" என்று போனைப் பார்க்கப் போய்விட்டாள். எழுத்தில் கொடுத்தால் ஆபீஸ் காகிதம் என்று நினைத்தாவது படிப்பாள். நான் பத்தாவது வரை படித்தவன். அதிலும் அறிவியல் பாடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தவன். முதல் தடவை கேள்வித்தாளுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. ஆகவே இதில் பெரிய வார்த்தை எதுவும் வராது. பயப்படாமல் படியுங்கள்.

இந்தச் சோதனைக்கூடத்துக்கு வருவதற்கு முன் தண்டையார்பேட்டையில் ஒரு வெங்காய மண்டியில் இருந்தேன். மூட்டையைக் கொட்டி, அழுகியது, அமுங்குவது, கறுத்தது எல்லாவற்றையும் பொறுக்கித் தனியாகப் போட வேண்டும். பொறுக்கியதை எண்ணி, ஒரு சீட்டில் 'கழிவு இத்தனை' என்று எழுதி மூட்டையில் செருக வேண்டும். எட்டு வருஷம் இதுதான் வேலை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பையில் வெங்காயம் இருந்தால்கூட என் விரல் தானாகப் போய் அமுக்கிப் பார்க்கும். இங்கே வேலை கேட்டு வந்தபோது முதலாளி, "வெங்காயம் பாத்து வாங்கத் தெரியுமா?" என்று கேட்டார். கேன்டீனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

வெங்காயத்தை வைத்துத் தண்ணீரைச் சோதிப்பது எப்படி என்று உங்களுக்குக் கல்லூரியில் சொல்லியிருப்பார்கள். எனக்குச் சொன்னவர் அப்போது இங்கே ஆய்வாளராக இருந்த மேடம். நீங்கள் அவரைப் பார்த்ததில்லை; இப்போது வேறு ஊரில் இருக்கிறார். டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி அதன் வாயில் ஒரு வெங்காயத்தை உட்கார வைக்க வேண்டும், அடிப்பாகம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி. மூன்று நாள் விட வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் வேர் வெள்ளைத் தாடி மாதிரி இறங்கும். கெட்ட தண்ணீர் என்றால் நாலு நாள் சவரம் செய்யாத முகவாய் மாதிரி நிற்கும். "தண்ணில என்ன இருக்குன்னு மெஷின் சொல்லும். அந்தத் தண்ணி என்ன பண்ணும்னு வெங்காயம் சொல்லும்" என்பார் மேடம். அதிகம் பேச மாட்டார். பேசினால் அவ்வளவுதான்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியிலிருந்து எங்களுக்கு வேலை வந்தது. கம்பெனியின் பெயர் வேண்டாம். சொன்னால் வக்கீல் வருவார்; அவருக்கு வெங்காயம் வெட்டாமலே கண்ணில் தண்ணீர் வரவைக்கத் தெரியும். அந்தக் கம்பெனிக்குத் திடீரென்று மரத்தின்மேல் பாசம் வந்து, மதில் சுவருக்குப் பின்னால் ஒரு நாற்றுப் பண்ணை போட்டிருந்தார்கள். வேம்பு, புங்கம், பூவரசு. பக்கத்துக் குப்பத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரை வேலைக்கு வைத்திருந்தார்கள். முன்பு கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்தவர்கள். இறால் போய்விட்டது, கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வந்தார்கள்.

தண்ணீர், மதிலை ஒட்டிய குட்டையிலிருந்து. அந்தக் குட்டைக்குள் கம்பெனிப் பக்கமிருந்து ஒரு குழாய் வந்து விழும். மழைநீர்க் குழாய் என்று மேனேஜர் சொன்னார். சித்திரை வெயிலிலும் அதில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு விசுவாசமான மழை.

கன்றுகள் வாடிச் செத்தன. பெண்கள் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றுவதில்லை, உட்கார்ந்து கதை பேசுகிறார்கள் என்றார் மேனேஜர். தண்ணீர்தான் கோளாறு என்றார்கள் பெண்கள். கடைசியில், சோதித்துப் பார்ப்போம் என்று முடிவானது. தண்ணீர் கெட்டது என்றால் லாரித் தண்ணீர் தருவது. தண்ணீர் நல்லது என்றால் திங்கட்கிழமையோடு எல்லாப் பெண்களும் வெளியே, வேலை வெளி ஆட்களுக்கு. இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டார்கள். ஆக, ஒரு டஜன் குடும்பத்தின் அடுப்பு எங்கள் டம்ளர்களின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தண்ணீர் பிடிக்க மேடத்தோடு நானும் போனேன். அந்தப் பெண்களுக்கு முன்னால் நின்று பேசியவர் தேசம்மா அக்கா. என் வயதுதான் இருக்கும். ஒரு வேப்பங்கன்றைப் பிடுங்கி என் மூக்குக்கு நேராக நீட்டினார். வேர் கறுத்து, தொட்டதும் நூல் நூலாக என் கையோடு வந்தது.

"இத்த மோந்து பாரு. நாங்க ஊத்தாதனால செத்துதா, ஊத்துனதனால செத்துதா?"

"வெங்காயம் வெச்சிப் பாத்தா மூணு நாள்ல தெரிஞ்சிடும்க்கா."

"வெங்காயமா? அத்த வெச்சி இன்னாத்த பாப்பே? சாம்பாரு வெச்சி அந்த மேனேஜருக்கு ஊத்தப்போறியா?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். மேடமும் திரும்பிக்கொண்டு சிரித்தார். பாட்டிலுக்கு எல்லார் எதிரிலும் முத்திரை வைத்து எடுத்து வந்தோம்.

டம்ளர்களை இரண்டு வரிசையாக வைத்தேன். ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் குட்டைத் தண்ணீர். வரிசைக்குப் பன்னிரண்டு வெங்காயம். மேடம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வேறு ஒரு வேலையாக இரண்டு நாள் வெளியூர் போனார். பொறுப்பு என்னுடையது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வாரம்தான் முதலாளி என்னை நிற்க வைத்துக் கேட்டிருந்தார்: "மண்டில எட்டு வருஷம் இருந்தேன்னு சொல்ற, சொத்தையா வாங்கிட்டு வர்றியே, உன்னை அந்த மண்டிலயே பொறுக்கிப் போட்டுட்டாங்களா?" வேறு ஒரு மூட்டை விஷயம் அது. ஆனால் மனதில் முள் மாதிரி இருந்தது.

மறுநாள் காலை வந்து டம்ளர்களைப் பார்க்கிறேன். குட்டைத் தண்ணீர் வரிசையில் ஐந்து வெங்காயம் அடிப்பக்கம் கறுத்து, விரல் வைத்தால் அமுங்கியது. வேர் முளைத்த சுவடே இல்லை. எனக்குப் பயம் பிடித்தது. தண்ணீரை நினைத்தல்ல. சொத்தை வெங்காயம் வாங்கிவிட்டோம், முதலாளி பார்த்தால் இன்னொரு தடவை நிற்க வைப்பார் என்று.

கை தானாக வேலை செய்தது. ஐந்தையும் எடுத்துக் குப்பையில் போட்டேன். மூட்டையிலிருந்து ஐந்து நல்ல வெங்காயம் எடுத்தேன். ஒரு நாள் பிந்தி வைக்கிறோமே, மற்றதோடு சமமாக வர வேண்டாமா என்று, மூட்டைக்குள்ளேயே லேசாக வேர் விட ஆரம்பித்திருந்த வெங்காயமாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தேன். நியாயமான மனிதன் அல்லவா நான். பழக்க தோஷத்தில் ஒரு சீட்டில் 'கழிவு 5' என்று எழுதி, அந்த வரிசைத் தட்டுக்கு அடியில் செருகினேன். நல்ல தண்ணீர் வரிசையையும் அமுக்கிப் பார்த்தேன். அங்கே ஒன்றும் அமுங்கவில்லை. அப்போதாவது மண்டையில் உறைத்திருக்க வேண்டும். 'அந்தப் பன்னிரண்டை மட்டும் எப்படியோ நல்லதாகப் பொறுக்கியிருக்கிறேன்' என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மேடம் வந்து அளந்தார். குட்டை வரிசையில் மிச்ச ஏழுக்கும் வேர் கொஞ்சம் கட்டைதான்; ஆனால் வேர் விட்டு வந்த என் ஐந்தும் அதை ஈடுகட்டியதில், சராசரியில் இரண்டு வரிசைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் முகம் சுருங்கியது. இன்னொரு தடவை அளந்தார். "யாராவது தொட்டாங்களா?" என்று கேட்டார். "நான்தான் மேடம் பாத்துக்கினு இருந்தேன்" என்றேன். அது பொய் இல்லை. நான் செய்ததைத் 'தொடுவது' என்று அதுவரைக்கும் நான் நினைத்ததே இல்லை. வெள்ளிக்கிழமை அறிக்கை போனது: வேர் வளர்ச்சிக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை.

அன்று சாயங்காலமே மேனேஜர் ஒரு பெட்டி லட்டோடு வந்தார். ஒரு அறிக்கைக்கு லட்டு வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "சயின்ஸ்னா சயின்ஸ்தான் சார்" என்று முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் போகும்போது என் முதுகில் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு லட்டு தின்றேன்.

சனிக்கிழமை காலை தேசம்மா அக்கா தனியாக வந்தார். எண்ணூரிலிருந்து பஸ் பிடித்து, முத்திரைத்தாள் மாதிரி மடித்த அறிக்கை நகலைக் கையில் வைத்துக்கொண்டு. மேடம் இன்னும் வரவில்லை.

"எங்கே கீது அந்த வெங்காயம்? நான் பாக்கணும்."

டம்ளர்களைக் காட்டினேன். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மீன் வாங்கப் போகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, அப்படி.

"நல்லாத்தான் கீது. ஒண்ணுகூட சாவலியா?"

"கெட்டுப்போனத விட்டு வெப்பனாக்கா? அஞ்சு கறுத்துப்போயி கலீஜா இருந்துது. அத்தத் தூக்கிப் போட்டுட்டு நல்லதா வெச்சேன். நான் மண்டில இருந்தவன்." இதைப் பெருமையாகச் சொன்னேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

அவர் நிமிர்ந்தார்.

"எந்தத் தண்ணில இருந்தது அந்த அஞ்சு?"

"குட்டைத் தண்ணில."

"நல்ல தண்ணில எத்தினி போச்சு?"

நான் நல்ல தண்ணீர் வரிசைப் பக்கம் திரும்பினேன். பன்னிரண்டும் முதல் நாள் வைத்த வெங்காயமேதான்.

"ஏன் நைனா," என்றார், சத்தம் போடாமல். "வலைல வந்த செத்த மீனெல்லாம் கடல்ல வீசிட்டு, துள்றத மட்டும் எண்ணிப் பாத்து, கடல்ல ஒரு மீனும் சாவலன்னு எழுதிக் குடுத்துகீறே."

நான் குப்பைக் கூடையைப் போய்ப் பார்த்தேன். காலி. வண்டி வந்து போய்விட்டது. தட்டைத் தூக்கினேன். சீட்டு மட்டும் இருந்தது.

"இன்னா எழுதிகீது அதுல? சத்தமா படி."

"கழிவு அஞ்சு."

"திங்கக்கெயம பத்து மணிக்கு எங்களைக் கழிக்கிறானுங்க. அதுக்கும் ஒரு சீட்டு எழுதி வெச்சிக்கோ." அறிக்கை நகலை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நான் உடனே ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். மகள் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் மறுபடி மண்டிதான். இந்த வயதில் மூட்டை தூக்க முடியாது. வெங்காயம் குப்பையோடு போயிற்று. தெரிந்தது அந்த அம்மாவுக்கு மட்டும்தான். அவர் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? கேட்க மாட்டார்கள் என்பதால்தானே இந்தச் சோதனையே நடந்தது. மிச்சம் இருப்பது விரலகலச் சீட்டு. டீ கிளாசுக்குள் போட்டால் கரைந்துவிடும்.

அப்படி யோசித்தேன். இல்லையென்று சொல்ல மாட்டேன். டீ ஆறிப்போய் ஏடு கட்டும் வரைக்கும் யோசித்தேன். அந்தக் கறுத்த வேப்பங்கன்று வேர் நினைவுக்கு வந்தது. அந்த ஐந்து வெங்காயத்தின் அடிப்பக்கமும் அதே கறுப்பு. இரண்டையும் நான் இந்த விரலால் தொட்டிருக்கிறேன். உலகத்திலேயே இரண்டையும் தொட்டவன் நான் ஒருத்தன்தான்.

திரும்பி வந்தபோது மேடம் இருந்தார்.

"மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு."

"நடந்துபோச்சா, பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன்."

சீட்டைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டார். திட்டவில்லை. "ரெண்டு தடவை அளந்தேன். யாராவது தொட்டாங்களான்னு மட்டும் கேட்டேன். அடுத்த கேள்வி கேக்கல. எதையாவது மாத்தினீங்களான்னு கேட்டிருக்கணும்" என்றார். என்னை அழைத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார்.

முதலாளி சீட்டை இரண்டு விரலால், செத்த எலி வாலைப் பிடிப்பது போலப் பிடித்துப் பார்த்தார்.

"இதை வேற யாராவது பாத்தாங்களா?"

"அது முக்கியமில்ல சார். அறிக்கையை வாபஸ் வாங்கணும்" என்றார் மேடம்.

"கம்பெனிக்காரன் லட்டெல்லாம் குடுத்துட்டுப் போயிட்டான்மா."

"ரெண்டு மீதி இருக்கு சார். திருப்பிக் குடுத்துடலாம்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"சரி, வெங்காயம் தரமில்லாம வந்துடுச்சு, அதனால மறு சோதனைன்னு எழுதிடுவோம். யாருக்கும் சேதமில்ல."

"வெங்காயம் ஒழுங்காத்தான் சார் இருந்தது. முதல் நாளே பதில் சொல்லிடுச்சு. நாமதான் அதைக் குப்பையில போட்டோம்."

மேடம் அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதினார். மேற்பார்வைக் குறைவுக்கு முதலில் தன் பெயர். வெங்காயத்தை மாற்றியதற்கு அடுத்து என் பெயர். நான் கையெழுத்துப் போட்டேன். முதலாளி கடைசியில், பேனா எழுதவில்லை என்று இரண்டு தடவை உதறிப் பார்த்துவிட்டு, வேறு பேனா கொடுத்த பிறகு போட்டார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நாற்றுப் பண்ணையில் மேனேஜர் எங்கள் அறிக்கையை உரக்க வாசிக்கத் தயாராக நின்றார். பெண்கள் சாப்பாட்டுப் பையோடு ஓரமாக நின்றார்கள். மேடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "இவர் சொல்லுவார்" என்று என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். 

மேனேஜர், "அப்போ வெள்ளிக்கிழமை சயின்ஸ் ஒண்ணு, திங்கக்கிழமை சயின்ஸ் ஒண்ணா?" என்றார்.

"சயின்ஸ் ஒண்ணுதான் சார். நான் இன்னா பண்ணேன்னா, நீங்க லட்டு வாங்கியாற மாதிரி அத்த மாத்தி வெச்சிட்டேன்."

மறு சோதனை அங்கேயே பண்ணைக் கொட்டகையில் என்று பெண்கள் பிடிவாதமாக நின்றார்கள். டம்ளர்களை எல்லார் கண்ணுக்கும் படுகிற மாதிரி வைத்தோம். காவலுக்கு நான். தேசம்மா அக்கா ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

"குந்து. கையப் பின்னால கட்டிக்கோ."

"அக்கா, மூணு நாளா?"

"மூணு நாளும். உன் கைதான் பேஜாரு புடிச்ச கை."

உண்மையிலேயே பகல் முழுக்க அப்படித்தான் உட்கார வைத்தார்கள். மூக்கில் ஈ உட்கார்ந்தால்கூட யாராவது ஒரு அம்மா வந்துதான் ஓட்டினார். சாயங்காலம் கொட்டகையைப் பூட்டி, சாவியைத் தேசம்மா அக்கா இடுப்பில் செருகிக்கொண்டு போவார். இரண்டாம் நாள் குட்டைத் தண்ணீர் வரிசையில் வெங்காயங்கள் கறுக்க ஆரம்பித்தன. என் விரல் துடித்தது. சும்மா இருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலை எது என்று கேட்டால், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்த அந்த மூன்று நாள்தான்.

மூன்றாம் நாள் ஒரு பக்கம் வெள்ளைத் தாடி, ஒரு பக்கம் கறுத்தது பாதி, சவரம் செய்யாத முகவாய் பாதி. ஸ்கேல் வைத்து அளக்கவே வேண்டியிருக்கவில்லை, மேடம் அளந்தார். கன்று நடும்போதெல்லாம் போட்டோ எடுக்கும் மேனேஜர் அன்றைக்கு மட்டும் போனை வெளியே எடுக்கவில்லை.

பெண்கள் வேலையில் இருந்தார்கள். லாரித் தண்ணீர் வந்தது. கன்றுகள் பிழைத்தன. பூவரசு இப்போது மதிலுக்கு மேலே தெரிகிறது. 'இயற்கையைக் காப்போம்' என்று கம்பெனி ஒரு போர்டு வைத்தது. குழாய் பற்றி மேடம் எழுதிய கடிதம் பார்க்க வேண்டியவர்களிடம் போனது. பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. இன்றுவரை அது பரிசீலனையில்தான் இருக்கிறது. கம்பெனி அந்தக் குழாயை அப்படியே விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பச்சை பெயிண்ட் அடித்தார்கள்.

தேசம்மா அக்கா எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? திருவொற்றியூர் மார்க்கெட்டில் எப்போதாவது பார்ப்பேன். நான் வெங்காயம் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால், போகிற போக்கில், "இன்னா நைனா, எவன் தலைல கட்டப்போறே?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

இப்போது சால்வை விஷயத்துக்கு வருகிறேன். 'ஒரு தப்பும் நடந்ததில்லை' என்று மைக்கில் சொன்ன முதலாளியும், பேனாவை உதறிவிட்டு அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட முதலாளியும் ஒருவரே. அவர் மறந்திருக்க மாட்டார். என்மேல் பிரியம், அதனால் என் வருஷங்களை எல்லாம் வரிசையாக வைத்து, கறுத்ததை எடுத்துப் போட்டுவிட்டு, மிச்சத்தை எண்ணியிருக்கிறார். நல்ல மனசோடுதான். நானும் அன்றைக்கு நல்ல மனசோடுதான் செய்தேன்.

மாடி அலமாரியில் இரண்டாவது தட்டில், நீல அட்டை போட்ட கோப்பு ஒன்று இருக்கிறது. அந்தக் கடிதமும் சீட்டும் அதில் இருக்கின்றன. மேடம் கோந்து போட்டு ஒட்டியது, விழுந்திருக்காது. உங்களுக்கு வேலை சொல்லித் தரும்போது அதை யாரும் எடுத்துக் காட்டியிருக்க மாட்டார்கள். நீங்களே எடுத்துப் பாருங்கள். என் மகளே, நீ முதலில் பார். அப்பாவின் கையெழுத்துத்தான்: கழிவு 5.